நேதாஜி மறக்காத வீரர்கள்

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் உண்டு. பிள்ளைகள் அங்கே வேலையில் இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களும் உண்டு. போனவர்கள் எல்லோரும் மெர்லயன் சிலை முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா வரும். மரங்கள் நிறைந்த அந்தப் பூங்காவில் ஓரிடத்தில், இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் முன்பு இங்கே இருந்தது என்று சொல்லும் அடையாளக் கல் ஒன்று இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துபோய்விடுவார்கள்.

அங்கே இப்போது நினைவுச்சின்னம் கிடையாது. அது இருந்த இடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சின்னத்துக்கு 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டியவர் சுபாஷ் சந்திர போஸ். செப்டம்பரில் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து கணக்கிட்டாலும் அது நின்ற காலம் சுமார் இரண்டு மாதம்தான்.

நேதாஜியின் வாழ்க்கையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். மாறுவேடத்தில் தப்பியது, நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தது, படை நடத்தியது எல்லாம் நமக்குத் தெரியும். இந்த சுதந்திர தின இதழில் அதே வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். நாட்டுக்காக இறந்தவர்களை மறந்துவிடக் கூடாது என்பதில் அவர் கடைசிவரை காட்டிய பிடிவாதம்தான் அந்தப் பக்கம். தோல்வி கண்ணெதிரே தெரிந்த நேரத்தில் ஒரு தலைவர் ஏன் கல்லும் சுண்ணாம்பும் தேடி நினைவுச்சின்னம் கட்டினார் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

வேலையை உதறியவர்

சுபாஷ் 1897 ஜனவரி 23 அன்று ஒடிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி. பதினான்கு பிள்ளைகளில் சுபாஷ் ஒன்பதாவது. வசதியான குடும்பம், நன்றாகப் படிக்கும் பிள்ளை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இந்திய மாணவர்களை இழிவாக நடத்தியதாகச் சொல்லப்பட்ட ஆங்கிலப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில், 1916-ல் சுபாஷ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து தத்துவத்தில் பட்டம் பெற்றார்.

தந்தையின் விருப்பப்படி இங்கிலாந்து போய் ஐ.சி.எஸ். தேர்வு எழுதினார். 1920-ல் நான்காவது இடத்தில் தேறினார். இன்று நம் வீட்டுப் பிள்ளை ஐ.ஏ.எஸ். தேர்வில் அகில இந்திய அளவில் நான்காம் இடம் பெற்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அந்த வேலையை அவர் 1921 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். தன் நாட்டை ஆளும் அந்நிய அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அதை எதிர்க்க முடியாது என்பது அவருடைய முடிவு. அப்போது அவருக்கு வயது 24.

ஊர் திரும்பியவர் சித்தரஞ்சன் தாஸைத் தன் அரசியல் குருவாக ஏற்றுக்கொண்டார். 1924-ல் கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியானார். அதே ஆண்டு கைதாகி, பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். முன்பு திலகர் ஆறு ஆண்டுகள் அடைபட்டிருந்த சிறை அது. உடல்நலம் கெட்டு, 1927-ல்தான் விடுதலையானார்.

கல்கத்தா கண்ட இறுதி ஊர்வலம்

1929-ல் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். லாகூர் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்களில் ஜதீந்திரநாத் தாஸ் என்ற வங்காள இளைஞர் 63 நாள் பட்டினி கிடந்து, செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். வயது 24.

லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கு அவர் உடல் ரயிலில் வந்தது. வழியெங்கும் நிலையங்களில் மக்கள் திரண்டு மலர் தூவினார்கள். கல்கத்தாவில் இறுதி ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தவர் சுபாஷ். அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்காக அவர் அமைத்த தொண்டர் படையில் பணியாற்றியவர் ஜதீந்திரநாத். தன் கீழ் வேலை செய்த ஓர் இளைஞனின் உடலைச் சுடுகாடுவரை கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம் அது. பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்களைப் போர்முனைக்கு அனுப்பப் போகிறவருக்கு அது முதல் பாடம் என்று சொல்லலாம்.

மெரினாவில் வந்த செய்தி

1938-ல் ஹரிபுரா காங்கிரசுக்கு அவர் தலைவரானார். மறு ஆண்டு மீண்டும் போட்டியிட்டு, காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யாவை 1,580-க்கு 1,377 என்ற வாக்குக் கணக்கில் வென்றார். ஆனால் காங்கிரஸ் செயற்குழுவை அமைப்பதில் காந்தியடிகளுடன் உடன்பாடு ஏற்படாததால் ஏப்ரலில் பதவி விலகி, பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவர் அவருடன் நின்றார்.

1939 செப்டம்பர் 3 அன்று சுபாஷ் நம் சென்னையில் இருந்தார். மெரினாவில் பெரும் கூட்டம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார். ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்துவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக எதிர்பார்த்த வாய்ப்பு இதுதான் என்று அந்தக் கடற்கரை மேடையிலேயே அவருக்குத் தோன்றியது. அடுத்த முறை மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கும்போது, நேதாஜியின் வாழ்க்கை திசைதிரும்பிய இடங்களில் இதுவும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒரு சின்னத்தை அகற்றச் சொன்னவர்

நினைவுச்சின்னங்கள் வெறும் கல் இல்லை என்பதை சுபாஷ் நன்றாக அறிந்திருந்தார். கல்கத்தாவின் மையத்தில் ஹால்வெல் நினைவுத்தூண் என்று ஒன்று இருந்தது. 1756-ல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள் ஆங்கிலேயக் கைதிகளைச் சிறிய இருட்டறையில் அடைத்து மூச்சுமுட்டச் சாகவிட்டதாகச் சொல்லி எழுப்பிய தூண் அது. அதில் சொல்லப்பட்ட சாவுக்கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று வரலாற்றாளர்கள் வாதிட்டு வந்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்து நின்று உயிரிழந்த நவாபுக்கு அது களங்கம், ஆகவே அகற்ற வேண்டும் என்று 1940-ல் சுபாஷ் போராட்டம் அறிவித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே அதற்கு முன்வந்தார்கள்.

போராட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஜூலை 2 அன்று, அவர் கைதானார். ஆனாலும் அரசு பணிந்தது. தூண் அங்கிருந்து எடுக்கப்பட்டு, புனித ஜான் தேவாலய வளாகத்தில் வைக்கப்பட்டது. இன்றும் கல்கத்தா போனால் அதைப் பார்க்கலாம். எதிர்த்தரப்பினரின் சின்னத்தைக் கூட இடம் மாற்றத்தான் செய்தார்கள், உடைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து சிங்கப்பூரில் நடக்கப்போவதைத் தெரிந்துகொள்ளும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பியவர் தலைவரானார்

சிறையில் உண்ணாவிரதம் தொடங்கியதால் டிசம்பரில் அவரை வீட்டுக் காவலுக்கு மாற்றினார்கள். 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டி, எல்ஜின் சாலை வீட்டிலிருந்து வடநாட்டு முஸ்லிம் வேடத்தில் வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் காரை ஓட்டினார். கோமோ நிலையத்தில் ரயில் ஏறி, பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார்.

ஹிட்லரின் ஜெர்மனியிடமும் பிறகு ஜப்பானிடமும் அவர் உதவி கேட்டது அன்றும் இன்றும் விவாதத்துக்கு உரிய விஷயம். அந்த ஆட்சிகள் செய்த கொடுமைகள் உலகம் அறிந்தவை. காங்கிரஸ் தலைவர்களில் பலரே அந்த வழியை ஏற்கவில்லை. எதிரிக்கு எதிரியிடம் படைபலம் கேட்கலாம் என்பது சுபாஷின் கணக்கு. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இருக்கலாம். ஆனால் அவர் அழைத்து வந்த சாதாரண மனிதர்கள் எதற்காக உயிர்விட்டார்கள் என்பதில் குழப்பம் இல்லை.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பினார். உடன் வந்தவர் ஆபித் ஹசன் ஒருவர் மட்டுமே. மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். மே மாதம் சுமத்ரா அருகே சபாங் தீவில் கரையேறி, டோக்கியோ போய்விட்டு, ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில் முதியவர் ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார்.

பால்மரக் காட்டிலிருந்து வந்த படை

இந்திய தேசிய ராணுவம் 1942-லேயே மோகன் சிங் தலைமையில் உருவானது. சிங்கப்பூரில் ஜப்பானிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் அதில் சேர்ந்தார்கள். ஜப்பானியரோடு ஏற்பட்ட மோதலால் அந்த ஆண்டு இறுதியில் அது கலைந்துபோயிருந்தது. நேதாஜி வந்ததும் படைக்கு உயிர் வந்தது. அதோடு ஒரு பெரிய மாற்றமும் நடந்தது. சிப்பாய்களாக இல்லாதவர்களும் சேர்ந்தார்கள்.

இங்கேதான் நம் சொந்தங்கள் வருகிறார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன குடும்பங்கள். கங்காணிக்குக் கைகட்டி, துரைக்குப் பயந்து வாழ்ந்த அந்த மக்கள் முதல்முறையாகச் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றார்கள். பலருக்குத் தாய்நாடு என்பது பெற்றோர் சொன்ன கதை மட்டும்தான். அவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் தமிழர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டுபோன காலம் அது. அதிலிருந்து தப்பப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், சேர்ந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தே சேர்ந்தார்கள்.

பெண்களுக்கு ஜான்சி ராணி படை தொடங்கப்பட்டது. அதன் தலைவி லட்சுமி சுவாமிநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

சென்னைக்கும் இந்தப் படைக்கும் ரத்தத் தொடர்பும் உண்டு. பினாங்கில் பயிற்சி பெற்று இந்தியாவுக்குள் ரகசியமாக அனுப்பப்பட்ட இளைஞர்கள் 1942-ல் பிடிபட்டார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபவுஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மலையாளிகள் இருவர், ஒரு வங்காளி, ஒரு சீக்கியர். சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்த அந்தச் சிறை 2009-ல் இடிக்கப்பட்டது. லட்சுமி படித்த அதே மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடங்கள் இப்போது அந்த நிலத்தில் நிற்கின்றன.

இறந்தவர்களின் வரிசை

அந்த செப்டம்பர் 26 அன்று நேதாஜி ரங்கூனில் ஒரு சமாதியின் முன் படை அணிவகுப்பு நடத்தினார். 1857 எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்டு, 1862-ல் அங்கேயே இறந்த கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் சமாதி அது. டெல்லியை நோக்கிப் புறப்படும் படை, டெல்லியை இழந்தவரின் காலடியில் வணக்கம் செலுத்திவிட்டே கிளம்பியது.

அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் அறிவித்தார். அந்த அறிவிப்பில் என்னென்ன திட்டங்கள் என்று தொடங்குவதற்கு முன்பே, போராடியவர்களின் பட்டியல் ஒன்று வந்தது. சிராஜ் உத் தௌலா, ஹைதர் அலி, திப்பு சுல்தான், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி, ஜான்சி ராணி, தாந்தியா தோப்பே, குன்வர் சிங், நானா சாகேப் என்று அது நீண்டது. நாங்கள் புதிதாகத் தொடங்கவில்லை, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்பது அதன் பொருள். உறுதிமொழி வாசிக்கும்போது குரல் தழுதழுத்து, அவரால் சிறிது நேரம் பேச முடியவில்லை.

டிசம்பர் இறுதியில் அந்தமான் போனார். செல்லுலர் சிறையில் வாடியவர்களையும் இறந்தவர்களையும் எண்ணி, அந்தத் தீவுகளுக்கு ஷாஹீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். ஷாஹீத் என்றால் தியாகி. உண்மையில் நிர்வாகம் ஜப்பானியர் கையில்தான் இருந்தது. தீவு மக்கள் அவர்களிடம் பட்ட துன்பமும் கொஞ்சநஞ்சமல்ல. பெயர் மட்டும் நிலைத்தது. 2018-ல் இந்திய அரசு நீல் தீவுக்கு ஷாஹீத் தீவு என்றும், ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றியது. விடுமுறைக்கு அந்தமான் போகும்போது படகுச்சீட்டில் இந்தப் பெயர்களைப் பார்ப்பீர்கள்.

இம்பால் மழையில்

1944 மார்ச்சில் ஜப்பானியப் படையோடு இந்திய தேசிய ராணுவமும் மணிப்பூர் எல்லையைத் தாண்டியது. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏற்றினார்கள். அதற்கு மேல் முன்னேற முடியவில்லை. உணவு வரவில்லை. விமானப் பாதுகாப்பு இல்லை. மழைக்காலம் தொடங்கியதும் பாதைகள் சேறாகிவிட்டன. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பரவின. ஜூலையில் பின்வாங்கும் உத்தரவு வந்தது. குண்டடிபட்டு இறந்தவர்களைவிட, திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் விழுந்து இறந்தவர்களே அதிகம். அவர்களைப் புதைக்கவோ எரிக்கவோ உடன் வந்தவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட பிரிட்டிஷ் படையிலும் பெரும்பாலோர் இந்தியர்களே. அவர்களும் நம் கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள்தான். இம்பாலிலும் கொஹிமாவிலும் போர்க் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் படைப்பிரிவோடு பொறிக்கப்பட்டு, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. அது நல்ல காரியம். அதே காட்டில் விழுந்த இந்திய தேசிய ராணுவத்தாருக்கு அப்படி ஒரு கல்லறை வரிசை இல்லை.

நடந்தே வந்த தலைவர்

1945 ஏப்ரலில் ரங்கூன் விழப்போவது உறுதியாகிவிட்டது. ஜப்பானியர் நேதாஜியைப் பாதுகாப்பாக அனுப்பிவைக்கத் தயாராக இருந்தார்கள். ஜான்சி ராணி படைப் பெண்களை விட்டுவிட்டுப் போக அவர் மறுத்தார். ஏப்ரல் 24 இரவு சுமார் நூறு பெண்களோடும் மற்றவர்களோடும் கிளம்பினார். பகலில் விமானங்கள் குண்டு போட்டன. லாரிகள் சேற்றில் சிக்கின. பிறகு நடைதான். இரவில் நடந்து, பகலில் மரநிழலில் பதுங்கினார்கள். அவர் கால்கள் கொப்புளித்தன. ஆனாலும் வரிசையை விட்டு விலகவில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து பாங்காக் சேர்ந்தார்கள்.

எல்லோரும் தப்பவில்லை. அதே பின்வாங்கலில் வேறு குழுவாக ரயிலில் வந்த ஜான்சி ராணி படைப் பெண்கள் தாக்குதலுக்கு உள்ளானார்கள். அதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தார்கள். அந்தப் படையின் உயிரிழப்பில் நமக்குப் பெயர் தெரிந்த மிகச் சிலரில் இவர்கள் இருவர்.

கடலோரத்தில் ஒரு சின்னம்

இப்போது 1945 ஜூலைக்கு வருவோம். ஜெர்மனி சரணடைந்துவிட்டது. பர்மா போய்விட்டது. படை சிதறிவிட்டது. சிங்கப்பூரும் எத்தனை நாள் என்று தெரியாது. அந்த நிலையில்தான் நேதாஜி, இறந்த வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்றார். கர்னல் சிரில் ஜான் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஜூலை 8 அன்று கடலைப் பார்த்த திடலில் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. போர்க்காலப் பற்றாக்குறைக்கு நடுவே, வாரக்கணக்கில் அவசர அவசரமாக வேலை நடந்தது.

வெற்றி பெற்றவர்கள் சின்னம் கட்டுவது வழக்கம். தோற்றுக்கொண்டிருப்பவர் கட்டியது ஏன்? தான் போனபின் தன் வீரர்களை உலகம் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானின் கைக்கூலிகள் என்பார்கள், துரோகிகள் என்பார்கள். அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, இவர்கள் நாட்டின் விடுதலைக்காக இறந்தவர்கள் என்று கல்லில் எழுதி வைத்துவிட வேண்டும். தன் சொல்லை நம்பி வந்து செத்தவர்களுக்கு அவரால் செய்ய முடிந்த கடைசி மரியாதை அதுதான்.

ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. மறுநாள் நேதாஜி சிங்கப்பூரிலிருந்து கிளம்பினார். ஆகஸ்ட் 18 அன்று தைவானின் தைஹோகு விமானதளத்தில் அவர் ஏறிய விமானம் மேலெழும்போதே விழுந்து தீப்பிடித்தது. தீக்காயத்தால் அன்றிரவு அவர் இறந்தார். உடன் சென்ற ஹபீபுர் ரஹ்மான் பிழைத்தார். அஸ்தி டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கிறது. இந்த மரணத்தை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. 1956-லும் 1974-லும் அறிக்கை தந்த விசாரணைக் குழுக்கள் விபத்தை உறுதி செய்தன. பின்னர் முகர்ஜி ஆணையம் அதை மறுத்தது. அந்த முடிவை அரசு ஏற்கவில்லை. தன் வீரர்களுக்குச் சின்னம் எழுப்பியவருடைய அஸ்தி இன்னும் தாய்மண் வந்து சேரவில்லை.

செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் மீண்டும் இறங்கியது. மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி கடலோரச் சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இந்தப் படையின் நினைவே மக்கள் மனதில் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

நினைவு எங்கே போனது?

நடந்தது நேர்மாறானது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீது ராணுவ விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். கல்லில் எழுதியிருந்த ஒற்றுமை என்ற சொல் கூண்டில் நின்றதைப் போல இருந்தது. நாடே கொதித்தது. அவர்களை ஆயுள் முழுக்க நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். இந்தியச் சிப்பாய்களை நம்பி இனி ஆள முடியாது என்று ஆங்கிலேயருக்குப் புரிந்தது.

சுதந்திரம் வந்தபின்னும் இந்தப் படையினருக்கு எல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. அவர்களை ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் 1972-ல்தான் வந்தது. மொய்ராங்கில் சிங்கப்பூர்ச் சின்னத்தின் மாதிரியிலேயே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. போர் முடிந்த 50-ஆம் ஆண்டில், 1995-ல், சிங்கப்பூர் அரசின் மரபுடைமைக் கழகம் பழைய இடத்தில் அடையாளக் கல் வைத்தது. டெல்லி இந்தியா கேட் அருகே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சிலை நின்றிருந்த மண்டபத்தில், 2022 செப்டம்பர் 8 முதல் நேதாஜியின் 28 அடி கருங்கல் சிலை நிற்கிறது.

தலைவருக்குச் சிலை வந்துவிட்டது. அவர் சின்னம் கட்டியது தனக்காக அல்ல. சிந்துவின் நதிக்கரைச் சேற்றில் விழுந்த பால்மரத் தொழிலாளிக்காக, ரயிலில் இறந்த இரண்டு பெண்களுக்காக. அவர்களில் பலருடைய பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. அது இன்னும் பாக்கியிருக்கும் வேலை.

நாம் செய்யக்கூடியது

நம் குடியிருப்பிலேயே மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிவந்த குடும்பங்களின் வாரிசுகள் இருக்கலாம். உங்கள் தாத்தாவோ, பாட்டியின் தம்பியோ, ஊரில் யாரோ ஒருவரோ அந்தப் படையில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர் திரும்பி வரவில்லை என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? இருந்தால், வயதானவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயர், ஊர், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எப்போது போனார் என்பது மட்டும் இருந்தாலும் போதும். பெட்டியில் பழைய புகைப்படமோ ஓய்வூதியச் சான்றிதழோ கிடந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை சிங்கப்பூர் போகும்போது எஸ்பிளனேட் பூங்காவில் அந்த அடையாளக் கல்லைத் தேடிப்பாருங்கள். ஒரு முழம் பூ கையில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் இருந்தால், அதை அங்கே வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள்.